களஞ்சியத்தின் திறவுகோல்

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள் இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அங்கிருந்து செய்துங்கநல்லூர் செல்லும் பாதையில், தண்டவாளத்தைத் தாங்கி நின்ற சரளையும் மண்ணும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்தன. வண்டியில் ஏறத்தாழ 800 பயணிகள் இருந்தனர். ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எஞ்சியோர் நிலையத்திலேயே தங்கினர். அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட அது மிகுதி. சாலைகள் அறுந்தன, மின்சாரம் நின்றது, கைப்பேசிக் கோபுரங்கள் ஊமையாயின. ஹெலிகாப்டர் வந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டதும், பயணிகள் மீட்கப்பட்டதும் பிந்தி நடந்தவை. அதற்கு முன், அருகிலுள்ள புதுக்குடி ஊர் மக்கள் தம் வீடுகளில் இருந்ததைக் கொண்டுவந்து, சமைத்து, முன்பின் அறியாத அந்த மக்களுக்குப் பரிமாறினார்கள்.

இந்நிகழ்ச்சியை நாளேடுகள் மனிதநேயம் என்று பாராட்டின. பாராட்டு தகும். ஆயினும் வரலாற்றை விரும்பும் நமக்கு இன்னொரு கேள்வியும் எழுகிறது. கடை இல்லை, பாதை இல்லை, மின்சாரம் இல்லை என்றான அந்த வேளையில் அவ்வூரில் அரிசி இருந்தது எப்படி? அன்பு மட்டும் இருந்து, பானையில் அரிசி இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்? வீட்டில் உணவைச் சேமித்து வைத்தல் என்பது பொருநைக் கரையில் நீண்ட கதை. அக்கதையைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

கதையின் முதல் ஏடு மண்ணுக்கடியில் கிடைத்தது. சிவகளை அகழாய்வில் முதுமக்கள் தாழி ஒன்றனுள் கிடைத்த நெல்லுமியைக் காலக் கணிப்புக்கு அனுப்பியபோது, அது கி.மு. 1155ஐச் சேர்ந்தது என முடிவு வந்தது. 2021 செப்டம்பரில் இது தமிழகச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1899 முதல் ஆதிச்சநல்லூரில் தோண்டிய அலெக்சாண்டர் ரீ, தாழிகளுக்குள் இருந்த கலங்களில் நெல்லுமியும் சிறுதானிய உமியும் இருந்ததாகக் குறித்துள்ளார். இறந்தவருக்கும் வழித்துணையாகத் தானியம் வைத்தவர்கள் நம் முன்னோர். இருப்பவருக்கு வைக்காமலா இருந்திருப்பார்கள்?

நம் பாட்டன்மார் காலத்து வீட்டுக்கு வருவோம். பொருநைப் பாசனத்தில் காரும் பிசானமுமாக இரு போகம். கார் நெல் புரட்டாசியில் களத்துக்கு வரும். பிசானம் மாசி, பங்குனியில் வரும். இடைப்பட்ட மாதங்களில் குடும்பம் உண்ண வேண்டும். விதைக்கும் மீதி வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கூலி வேலையும் கிடையாது. ஆகவே வீடே ஒரு களஞ்சியமாக அமைந்தது. வசதியுள்ளோர் வீட்டில் மரப்பலகையாலான பத்தாயம். அடுத்த நிலையினர் வீட்டில் குலுக்கை. களிமண்ணோடு வைக்கோலைப் பிசைந்து, அடுக்கடுக்காக உயர்த்தி, வெயிலில் காயவைத்துச் செய்யப்படுவது குலுக்கை. ஆளுயரம் நிற்கும். கல்லின்மேல் நிறுத்துவார்கள், ஈரமும் கரையானும் ஏறா. மேல்வாயில் நெல்லைக் கொட்டி மூடி, மண்ணால் பூசிவிடுவார்கள். அடியில் ஒரு துளை, துணியை அடைத்திருப்பார்கள். வேண்டும்போது அத்துளையைத் திறந்தால், முதலில் கொட்டிய பழைய நெல் முதலில் வரும். பழையது முன்னே, புதியது பின்னே என்று இன்றைய கிடங்கு மேலாளர்கள் வகுப்பெடுத்துக் கற்கும் பாடம், எழுதப்படிக்கத் தெரியாத தாய்மார்களின் குலுக்கைக்குள் இருந்தது.

விதைநெல்லை வைக்கோல் புரியால் சுற்றிக் கோட்டை கட்டி, சாணமும் மண்ணும் பூசி வைப்பர். இருபத்தொரு மரக்கால் கொண்டது ஒரு கோட்டை என்பது நம் பகுதிக் கணக்கு. நெல்லை அரிசியாக்கி வைக்க மாட்டார்கள். நெல்லாகவே வைத்து, அவ்வப்போது குத்திக்கொள்வார்கள். கைக்குத்தல் அரிசியின் தவிட்டில் எண்ணெய் உண்டு. அது சில வாரங்களிலேயே காறிவிடும். உமிக்குள் இருக்கும்வரை பழுதில்லை. நெல்லைப் புழுக்கி வைப்பதும் அவ்வாறே அறிவு சார்ந்தது. தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது. மணி இறுகுவதால் வண்டு எளிதில் துளைப்பதில்லை. துவரைக்குச் செம்மண் கட்டுவதும், தானியத்தினூடே வேப்பிலையும் நொச்சியும் இடுவதும் இன்றும் சில ஊர்களில் காணக்கூடியவையே.

ஆற்றங்கரை மட்டும் தனித்து வாழவில்லை. வடக்கே கரிசல் காட்டில் கம்பும் சோளமும் வரகும். வரகு ஆண்டுக்கணக்கில் கெடாது என்பதாலேயே கோயில் கலசங்களில் அதை இட்டு வைத்தார்கள் என்பர். தென்கிழக்கே தேரிக்காட்டில் பனையேறிகள் காய்ச்சிய கருப்பட்டி, கடற்கரையில் கருவாடு. கோடையில் கூரைமேல் காய்ந்தவை மிதுக்கு வற்றல், சுண்டை வற்றல், கொத்தவரை வற்றல், கூழ் வற்றல். உறியில் பழம்புளிப் பானை. கருப்பட்டியும் பாசிப்பயறும் சேர்த்துச் செய்த முந்திரிக்கொத்து வாரக்கணக்கில் கெடாது. பண்டிகைப் பலகாரம் என்று நாம் நினைப்பதில் பாதி, மழைக்காலத்துக்கான ஏற்பாடு என்பதை மறந்துவிட்டோம்.

இனி, சேமிப்பு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதைக் காட்டும் ஏடு ஒன்று. அது நம் திருச்சபையின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1544ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வடுகர் படை முத்துக்குளித்துறையின் தென்கோடி ஊர்களைத் தாக்கியது. கன்னியாகுமரிப் பக்கத்துப் பரதவ மக்கள் தப்பியோடிக் கடலிலுள்ள பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். அங்கே உணவுமில்லை, தண்ணீருமில்லை. பசியாலும் தாகத்தாலும் மாண்டுகொண்டிருந்தார்கள். மணப்பாட்டில் இச்செய்தியைக் கேட்ட புனித சவேரியார், அவ்வூரிலிருந்து இருபது தோணிகளுடன் அவர்களுக்கு உதவப் புறப்பட்டார். தம் உடனுழைப்பாளரான மன்சிலாசுக்கு அவர் அப்போது எழுதிய மடல்கள் இன்றும் உள்ளன. மற்ற ஊர்களின் பட்டங்கட்டிமாரும் அந்த ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்று அவர் சொல்லியனுப்பினார். ஆனால் காற்று எதிர்த்தடித்தது. எட்டு நாள் முயன்றும் தோணிகள் குமரி முனையை எட்டவில்லை. அவர் மணப்பாடு திரும்பி, பின்னர் கரைவழியே நடந்துதான் அம்மக்களிடம் செல்ல வேண்டியதாயிற்று.

புனிதருக்கு மனம் இருந்தது, தோணி இருந்தது, ஆளிருந்தது. காற்று மட்டும் இடங்கொடுக்கவில்லை. எங்கிருந்தோ வரும் உதவிக்கும் பசித்த வயிற்றுக்கும் இடையே எப்போதும் சில நாள்கள் இருக்கின்றன. 1544இல் அந்த இடைவெளியின் பெயர் எதிர்காற்று. 1992 நவம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோதும், 2023இலும் அதன் பெயர் வெள்ளம். அந்தச் சில நாள்களைத் தாண்ட வைப்பது, அவரவர் இருக்கும் இடத்தில் அப்போது உள்ள உணவு மட்டுமே.

எனினும், சேமிப்பு என்றாலே நன்மை என்று எழுதிவிட நமக்குத் துணிவில்லை. பொருநைக் கரையின் பெரிய பத்தாயங்கள் யாருடையவை? நன்செயில் பெரும்பகுதி மிராசுதாரர்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் இருந்தது. உழுதவரும் நட்டவரும் களத்துமேட்டில் கூலிநெல் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் குடிசையில் குலுக்கை இருந்தாலும் அது நிறைந்திருந்த நாள்கள் சில. 1876ஆம் ஆண்டு, தாது வருடத்தில், பெரும் பஞ்சம் தொடங்கியது. அதே 1876இல்தான் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் இரயில் வந்தது. ஜாகோர் என்ற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை முதன்முதலாகத் தோண்டியதும் அதே ஆண்டு. இரயில் பஞ்சத்தைத் தீர்க்கும் என்றார்கள். இரயிலோ பணத்தின் பின்னே ஓடியது; விலை கூடுதலாகக் கிடைக்கும் ஊருக்குத் தானியத்தைக் கொண்டு சென்றது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் முப்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமந்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் என்ற அளவுக்குப் படியைக் குறைத்தார். அது உயிர் வாழப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். வாதம் நடந்த மாதங்களிலும் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு.

இவ்விடத்தில் நமக்கு யோசேப்பின் நினைவு வருகிறது. ஏழு வளமான ஆண்டுகளின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்து எகிப்தைக் காத்தவர் என்று மறைக்கல்வி வகுப்பில் கற்றோம். தொடக்கநூலை அடுத்த அதிகாரங்களுக்கும் தொடர்ந்து வாசித்தால் வேறொன்றும் தெரியும். பஞ்சம் நீடித்தபோது மக்கள் அதே தானியத்துக்காக முதலில் பணத்தைக் கொடுத்தார்கள், அடுத்துக் கால்நடைகளை, முடிவில் நிலத்தையும் தங்களையுமே பார்வோனுக்கு விற்றார்கள். குருக்களின் நிலம் மட்டும் தப்பியது; அதையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். களஞ்சியம் அவர்களைச் சாகாமல் காத்தது. ஆனால் திறவுகோல் பார்வோனிடம் இருந்தது. பாலைவனத்தில் மன்னாவை மறுநாளுக்கென்று எடுத்து வைத்தவர்களுக்கு அது புழுத்துப்போயிற்று என்று விடுதலைப் பயண நூல் சொல்வதை, எகிப்தியக் களஞ்சியங்களின் நினைவு மாறாத மக்களுக்குச் சொல்லப்பட்டதாக வாசித்தால் பொருள் இன்னும் தெளிவாகிறது.

இரண்டாம் உலகப் போரில் பர்மா வீழ்ந்ததும் அந்நாட்டு அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. உழவர் தம் தேவைக்கு மேற்பட்ட நெல்லை அரசுக்கு அளக்க வேண்டும் என்ற கொள்முதல் ஆணைகளும் வந்தன. அதுவரை குடும்பத்தின் பெருமையாக நின்ற பத்தாயம், சோதனைக்குரிய பொருளாயிற்று. பதுக்கல் என்ற சொல் வீட்டுக்கு வீடு பழகியது. 1952இல் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். பின்னர் அரிசி ஆலைகள் பெருகின. நியாய விலைக் கடைகள் வந்தன. 2011 முதல் அரிசி அட்டைக்கு விலையின்றி அரிசி தரப்படுகிறது. பட்டினிச் சாவு என்ற சொல்லைப் பொருநைக் கரையின் இளந்தலைமுறை அறியாது. இது சிறிய சாதனையன்று. இதைக் குறைத்துப் பேசுவோர் தாது வருடத்தை அறியாதவர்கள்.

ஆனால் இதன் மறுபக்கம் ஒன்றுண்டு. குலுக்கை உடைந்தது, பரண் தொலைக்காட்சிப் பெட்டியின் அட்டைக்கு இடமாயிற்று. ஓராண்டுக்கு வைத்த வீடு ஒரு மாதத்துக்கு வைக்கத் தொடங்கி, இப்போது ஒரு வாரத்துக்கு மாவரைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறது. மின்சாரம் நின்ற மறுநாளே அம்மாவு பொங்கி வழியும். 2023 வெள்ளத்தில் தரையில் கிடந்த அரிசி மூட்டைகள் நனைந்தன, அடுப்பு நனைந்தது, குடிநீர்த் திட்டங்களின் குழாய்கள் உடைந்து, ஆறு முற்றத்தில் ஓடும்போதே குடிக்கத் தண்ணீரில்லாமல் மக்கள் தவித்தார்கள். ஏரலும் ஆத்தூரும் நாள்கணக்கில் தீவுகளாயின. அங்கே பணம் இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே பசி. வேறுபாடு மாடி இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் இடையே இருந்தது.

உலகின் பிற பகுதிகளிலும் இக்கவலை எழுந்திருக்கிறது. சுவீடன் நாட்டரசு 2018இல், நெருக்கடி வந்தால் வீட்டில் என்ன வைத்திருக்க வேண்டும் என்று விளக்கும் சிறு நூலை ஏறத்தாழ 48 லட்சம் வீடுகளுக்கு அனுப்பியது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில், ஒவ்வொரு குடும்பமும் 72 மணி நேரத்துக்கு வேண்டியதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தியது. செல்வ நாடுகளின் அரசுகளே, முதல் மூன்று நாள்கள் எங்களை எதிர்பாராதீர்கள் என்று சொல்லத் தொடங்கிவிட்டன.

இத்தேவைக்கென்றே இன்று நீண்ட நாள் கெடாத ஆயத்த உணவுப் பொட்டலங்கள் விற்கப்படுகின்றன. இதன் தொடக்கம் போர்க்களத்தில். நெப்போலியன் காலத்தில், உணவைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்துச் சூடாக்கிக் காக்கும் முறையைக் கண்ட நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1810இல் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். நம் நாட்டில் 1961இல் மைசூரில் அமைந்த பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடம், எல்லையில் நிற்கும் வீரருக்காக இத்துறையில் உழைத்தது. சமைத்த புலாவையோ பருப்பையோ பல அடுக்குப் பையில் அடைத்து, ஏறத்தாழ 121 பாகை வெப்பத்தில் அழுத்தத்தோடு வேகவைத்தால், குளிர்பதனமின்றியே ஓராண்டு கெடாமல் இருக்கிறது. நோயாளிகளும் முதியோரும் உள்ள வீட்டில் இத்தகைய பைகள் சில இருப்பது நல்லதே. ஆனால் விலை கொடுத்து வாங்கி அடுக்குவதற்கு முன், நம் வீட்டிலேயே இருந்ததை நாம் நினைத்துப் பார்க்கலாம். அவல், பொரிகடலை, கருப்பட்டி, வறுத்த சத்துமாவு, எள்ளுருண்டை ஆகிய எதற்கும் அடுப்பு வேண்டியதில்லை. அவலுக்குத் தண்ணீர் மட்டும் போதும். அதுவும் இல்லையெனில் கருப்பட்டியோடு மென்றுவிடலாம்.

கணக்குப் பார்த்தாலும் பெரிதன்று. நால்வர் உள்ள குடும்பத்துக்கு மூன்று நாள்களுக்கு உலர் உணவு ஐந்து கிலோ போதும். குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்றால் 36 லிட்டர்; இரண்டு பெரிய கேன்களில் அடங்கிவிடும். மூடி இறுகிய தூக்குவாளியில் இட்டு, நிலைப்படிக்கு மேலே, பரணில் ஏற்ற வேண்டும். ஐப்பசிக்கு முன் வைத்து, தை பிறந்ததும் எடுத்து உண்டுவிட்டால் வீணாவதும் இல்லை. குலுக்கையின் அடித்துளை நமக்குச் சொல்லித் தந்தது இதைத்தான்.

ஆனால் அந்த ஐந்து கிலோவும் சிலருக்குப் பெரிது. மாதத்துக்கு வாங்கும் அரிசி மாதக் கடைசிக்கு முன்பே தீர்ந்துபோகும் வீட்டில் எதை எடுத்துப் பரணில் வைப்பது? மாடியே இல்லாதவர் எங்கே வைப்பது? இங்கேதான் நம் பகுதிக் கிறிஸ்தவத் தாய்மார்கள் பலர் கைக்கொண்டிருந்த பிடியரிசி வழக்கம் நினைவுக்கு வருகிறது. உலையில் இடுமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலயத்தில் போடுவார்கள். ஞாயிறன்று அது கோயிலுக்கு வரும். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதியும் பிடியரிசித் திட்டத்தைத் தம் மக்களிடையே வலியுறுத்தினார். மிசோரம் மலைகளில் கிறிஸ்தவப் பெண்கள் 1910இல் தொடங்கிய இதே வழக்கம், அவர்கள் திருச்சபையைத் தாங்கும் தூணாகவே வளர்ந்தது. ஏழை வீட்டிலும் ஒரு பிடி குறைந்தால் உலை நின்றுவிடாது. ஆனால் வேளைக்கு ஒரு பிடி என்று சேர்த்தால் மாதத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும்.

ஓர் அன்பியத்தில் முப்பது குடும்பங்கள் என்று கொள்வோம். ஆவணி முதல் ஐப்பசி வரை மூன்று மாதப் பிடியரிசியைக் கோயிலுக்கு அனுப்பாமல், பங்குத்தந்தையின் இசைவோடு, தெருவிலேயே வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 180 கிலோ சேரும். அதில் ஒரு பகுதியை அவலாகவும் பொரிகடலையாகவும் மாற்றிக்கொள்ளலாம். தெருவில் மாடி உள்ள வீடு ஒன்றாவது இருக்கும். மழை வராமற்போனால் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் இல்லாத வீடுகளுக்குப் பங்கிட்டுவிடலாம். வந்தால் தெரு முழுவதும், சாதி சமயம் பாராமல், வழியில் அகப்பட்டுக்கொண்ட அயலாரும் உண்ணலாம். அந்த மாடி அறையின் திறவுகோலை வீட்டுக்காரரிடமே விட்டுவிடாமல், தெருவிலுள்ள தாய்மார் இருவர் கையில், அவருள் ஒருவர் மாடியில்லாத வீட்டினராக, கொடுத்து வைப்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.